கடலுக்குப் போகிறவளை வழியனுப்பக் கூடாது

அந்த மூன்றாம் மாடிக்காரி சொன்னதை நீயும் நம்பிவிட்டாயா, கீழ் வீட்டம்மா? என் பையன் பெற்ற பெண்ணை ஸ்டேஷனுக்குக்கூட வந்து ஏற்றிவிடவில்லை, பெண் பிள்ளை வெளியூர் வேலைக்குப் போனது அவனுக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னாளாமே. ஸ்டேஷனுக்குப் போகவில்லை என்பது நிஜம். அதை நான் மறைக்க மாட்டேன். மற்றதெல்லாம் அவள் வாயில் ஊறினது. நீ இந்த பிளாக்குக்குக் குடி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, உனக்கு எங்கள் கதை தெரியாது. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார். கீரையை ஆய்ந்துகொண்டே சொல்கிறேன்.

என் பேத்தி நேவியில் சேர்ந்திருக்கிறாள். ஆபீஸில் உட்கார்ந்து தாள் புரட்டுகிற வேலை இல்லை, கப்பலில் போகிற வேலை. இப்போது ஒடிசா பக்கம் ஒரு பெரிய ஏரிக்கரையில் பயிற்சி. மொத்தம் நாலு மாதம். இதை நான் சொல்லாத ஆள் இந்த ராயபுரத்தில் கிடையாது. ரேஷன் கடை மிஷினில் என் விரல் ரேகை பதியவே பதியாது. மீன் செதில் உரசி உரசி ரேகை தேய்ந்துவிட்டது. முன்பெல்லாம் அதற்காகக் கடைக்காரனிடம் சண்டை போடுவேன். இப்போது பத்து தடவை விரலை வைத்துப் பார்க்கச் சொன்னாலும் சந்தோஷம்தான். பின்னால் நிற்கிறவர்களிடம் அதற்குள் பேத்தி கதையைப் பாதி சொல்லிவிடலாம்.

காசிமேட்டில் என் பக்கத்தில் கூடை வைத்திருப்பவள் ஒருத்தி, நாக்கில் விஷம். அவள் கேட்டாள், “இன்னாக்கா, கப்பல்லயும் மீன் கழுவத்தான் இட்டுகினு போறாங்களா உன் பேத்திய?”

“ஆமாண்டி, சுறா வந்தா கழுவும். நீ உன் கூடைல கீற மத்தி மீனப் பாரு” என்றேன். அன்றைக்கு முழுக்க அவள் என் பக்கம் திரும்பவில்லை.

பேத்தி எப்படித் தேர்வானாள் என்று கேட்கிறாயா? ஓடித்தான். இரண்டு வருஷம் விடியற்காலையில் எண்ணூர் ரோட்டில் ஓடினாள். அந்த ரோட்டைத்தான் நீ பார்க்கிறாயே, துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கிற கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகத் திருவொற்றியூர் வரைக்கும் நிற்கும். அந்த லாரிகளுக்கும் மதில் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்துதான் அவளுக்கு மைதானம். முதல் நாள் ஒரு டிரைவர் எட்டிப் பார்த்து, யாராவது துரத்துகிறார்களா என்று கேட்டாராம். இவள், “இல்லண்ணா, நான்தான் துரத்தினு போறேன்” என்றாளாம். அப்புறம் அவர்களுக்கே பழகிவிட்டது. இவள் வருகிற நேரம் பார்த்து, கதவைத் திறந்து வைத்திருக்கிறவர்களிடம் மூடச் சொல்லிக் குரல் கொடுப்பார்களாம். வடக்கத்தி டிரைவர்கள், தெலுங்கு டிரைவர்கள், எல்லோரும். நேவியில் சேரச் சொல்லி லெட்டர் வந்த மறுநாள் அவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்துவிட்டு வந்தாள். பாதிப் பேர் புது ஆட்கள், எதற்கு மிட்டாய் என்றே தெரியாமல் சாப்பிட்டார்கள்.

அந்த லெட்டர் எனக்கு மனப்பாடம். படிக்கத் தெரியாதுதான், ஆனால் அவள் எத்தனை தடவை படித்துக் காட்டினாள் தெரியுமா. வெள்ளை பனியன் இத்தனை, கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி, பூட்டு சாவியோடு இரண்டு, தின்பண்டம் கொண்டு வரக் கூடாது. இந்தக் கடைசி வரியை மட்டும் என் மருமகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நெத்திலிக் கருவாட்டுத் தொக்கை ஒரு பாட்டிலில் அடைத்து, அதை ஒரு கேன்வாஸ் ஷூவுக்குள் திணித்து, மேலே காலுறையை வைத்து மூடிவிட்டாள். நேவிக்காரனையே ஏமாற்றப் பார்த்தவள் அவள். போன அன்றே பையைத் திறந்து சோதித்த ஆபீசரம்மா, பாட்டிலைப் பார்ப்பதற்கு முன்னால் மூக்கைப் பொத்திக்கொண்டதாம். பாட்டில் போய்விட்டது. ஷூவில் வாசனை மட்டும் போகவே இல்லையாம். ஓடும்போது பின்னால் வருகிற பெண்கள் எல்லாம், உன் பின்னால் ஓடினால் பசிக்கிறது என்று சொல்கிறார்களாம்.

எங்கே விட்டேன்? என் பையன். அவன் லாஞ்சு டிரைவர், லாஞ்சு என்றால் மீன் பிடிக்கிற பெரிய மோட்டார் படகு. லாஞ்சு ஓட்டுகிறவனையும் எங்கள் பக்கத்தில் டிரைவர் என்றுதான் சொல்வோம். லாஞ்சு வேறு ஒருவருடையது, ஓட்டுவது இவன். ஒரு தடவை கிளம்பினால் பத்து நாள் கடலிலேயே தங்கல். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போய்விட்டால் போன் எடுக்காது. இவன் அப்பாவும் அதே தொழில், என் மாமனாரும் அதே. மருமகள் வீடு அப்படி இல்லை. அவள் வியாசர்பாடி, அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலை. அது ரயில் வீடு. அவர்கள் வீட்டில் ஒருவர் அரக்கோணம் போனால்கூட பிளாட்பாரத்தில் ஐந்து பேர் நிற்பார்கள். இட்லிப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பது, வண்டி மறைந்த பிறகும் நின்று அழுவது, எல்லாம் முறையாக நடக்கும். அழாவிட்டால்தான் அவர்கள் வீட்டில் குற்றம்.

எங்கள் கரையில் வேறு பழக்கம். கடலுக்குப் போகிறவனை வழியனுப்பக் கூடாது. வாசலுக்கு வரக் கூடாது, எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, பின்னாலிருந்து கூப்பிடவே கூடாது. அவன் பாட்டுக்குக் கிளம்புவான், நாம் பாட்டுக்கு அடுப்பைப் பார்ப்போம். நான் கல்யாணம் ஆகி வந்த புதிதில் ஒரு நாள் தெரியாமல், புகையிலைப் பொட்டலத்தை மறந்துவிட்டாரே என்று அவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டேன். அவர் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பினார். என் மாமியார் அன்றைக்கு என்னைப் பேசியது இன்னும் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் அவர் போகும்போது முதுகைக்கூடப் பார்த்ததில்லை. மருமகளும் வந்து இதைக் கற்றுக்கொண்டாள். ஆனால் புருஷனுக்கு மட்டும்தான் அது என்று நினைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

பேத்தி கிளம்புவதற்கு முதல் நாள் மருமகள் வியாசர்பாடிக்குப் போன் போட்டு எல்லோரையும் சென்ட்ரலுக்கு வரச் சொல்லிவிட்டாள். அண்ணன், அண்ணி, சித்தி, சித்தி பிள்ளைகள், மொத்தம் பதினோரு பேர். இவன் சாப்பிட்டுக்கொண்டே, தான் வரவில்லை என்றான்.

மருமகள் கரண்டியைக் கீழே வைத்தாள். “இன்னாய்யா சொல்ற? பெத்த பொண்ணுய்யா.”

“கடலுக்குப் போறவள யாரு அனுப்ப வருவாங்க?”

“அவ ரயிலு ஏறுறா. லாஞ்சு ஏறல.”

“ரயிலு கொண்டாந்து எங்க விடுது? கப்பல்லதான.”

அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் அவள் பேசினதெல்லாம் பாத்திரத்தோடு. எந்த அப்பாவாவது இப்படி இருப்பானா என்று என்னிடம் வந்து குமுறினாள். எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் பட்டது. எங்கள் கரையில் பெண்பிள்ளை லாஞ்சில் காலே வைக்க மாட்டாள். அப்படியிருக்க, கடலுக்குப் போகிறவன் என்பதைப் போகிறவள் என்று அவன் வாயால் சொன்னதே எனக்குப் புதிதாக இருந்தது. ஆனால் அதை அப்போது அவளிடம் எடுத்துச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவளும் கேட்கிற நிலைமையில் இல்லை.

மறுநாள் காலையில் இவன் என்ன செய்துகொண்டிருந்தான் தெரியுமா? டேபிள் ஃபேனைக் கழற்றி நடு வீட்டில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பேத்தி முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு, பெரிய பையை முதுகில் மாட்டிக்கொண்டு வந்து அவன் காலைத் தொட்டாள். இவன் தலையில் கையை வைத்தான், எடுத்தான், ஸ்குரூ டிரைவரைப் பிடித்துக்கொண்டான். அவள் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பார்த்துப் போ என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று நின்றாள். அவன் சொல்லவில்லை, தலையைத் தூக்கவும் இல்லை. அவள் இறங்கினாள். இரண்டு மாடியும் இறங்கி முடிக்கிற வரைக்கும் ஷூ சத்தம் கேட்டது. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே ஃபேனுக்குக் கூண்டை மாட்டி முடுக்கினான். உள்ளே இறக்கையை வைக்கவே இல்லை. அது தரையில் என் காலடியில் கிடந்தது. நான் சொல்லவில்லை. இரண்டு நாள் அந்த ஃபேன் வெறும் கூண்டாகத்தான் நின்றது.

நான் ஸ்டேஷனுக்குப் போனேன். பழக்கம் பழக்கம்தான், ஆனால் பேத்தியாயிற்றே. இந்த வயதில் கடல் என்னை என்ன செய்துவிடும்? சென்ட்ரலில் ரயில் வீட்டார் அமர்க்களம் பண்ணிவிட்டார்கள். மாலை வேறு. எந்த வேலை, எந்த ஊர் என்று போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று கேட்டார்கள். நான்தான் பதில் சொன்னேன், நேவி, கப்பல், எங்கள் பேத்தி. ஒரு போலீஸ்காரர் அவளுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். ஆனால் வண்டி நகரும்போது பார்த்தேன், அவள் எங்கள் தலைகளுக்கு மேலே வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள், ஸ்டேஷன் வாசல் பக்கம். கூடப் பயிற்சிக்குப் போகிற மற்ற பெண்களோடு அப்பாக்கள் வந்திருந்தார்கள். மருமகளும் அதைக் கவனித்துவிட்டாள். அதற்கப்புறம்தான் அவள் புருஷனோடு பேச்சை நிறுத்தினாள். சோறு போடுவாள், துவைப்பாள், பேச மாட்டாள்.

அங்கே போனதும் போனை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும், மத்தியானத்துக்கு மேல் பத்து நிமிஷம் கொடுப்பார்களாம். முதல் ஞாயிறு பேசினாள். இவன் கடலில். நைனா எங்கே என்று கேட்டாள், கடலுக்குப் போயிருக்கிறது என்று சொன்னோம். சரி என்றாள். இவன் திரும்பி வந்து இரண்டு நாளில் மறுபடி கிளம்பிவிட்டான். அடுத்த ஞாயிறும் அதே கேள்வி, அதே பதில், அதே சரி. ஆனால் அந்த இரண்டாவது சரி எனக்குப் பிடிக்கவில்லை. 

அந்த இரண்டாவது தடவைதான் என்னிடம், “ஆயா, கடைசில பாசிங் அவுட் கீது, நீங்க எல்லாம் வரணும்” என்றாள். எனக்குத் திக்கென்று ஆகிவிட்டது. பாஸ் தெரியும். அவுட்டும் தெரியும். எங்கள் தெருவில் ஒரு ஆள் அவுட்டு என்றால் சாவுக்குச் சாமியானா போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். இரண்டும் சேர்ந்து எப்படி வரும்? பாதிப் பேர் பாஸ், பாதிப் பேர் அவுட்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கோயிலுக்குப் போய் மாதாவிடம் மெழுகுவத்தி ஏற்றினேன். பாஸ் மட்டும் போதும் தாயே, அவுட் வேண்டாம் என்று சத்தமாகவே வேண்டினேன். பக்கத்தில் முட்டி போட்டிருந்த பெண் எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தது. வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னால், அவள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பயிற்சி முடிந்து அணிவகுத்து வெளியே வருவதற்குத்தான் அந்தப் பெயராம். மகள் போனதிலிருந்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அதற்காகவே இன்னும் இரண்டு இங்கிலீஷ் வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொள்ளலாம் என்று தோன்றியது.

இவன் இரண்டாவது தங்கல் முடிந்து வந்தான். குளித்துவிட்டு வந்து, ஒன்றுமே நடக்காதவன் மாதிரி, பேசினாளா என்று கேட்டான்.

“பேசுச்சு” என்றேன்.

“இன்னா சொல்லுச்சு?”

மருமகள் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். “இன்னா சொல்லணும்? நைனா எங்கன்னுது. இத்தினி வருஷமா நீ பத்து நாளு, பத்து நாளு போனியே, நீ எப்டி கீறன்னு நான் யாராண்ட போய்க் கேட்டேன்?”

அவன் எழுந்தான். போய் மகள் படுக்கிற பாயைச் சுருட்டி வைத்திருந்த மூலையில் உட்கார்ந்தான். மறுநாள் லாஞ்சுக்காரரிடம் போய், திங்கட்கிழமைக்கு முன்னால் தான் ஏற முடியாது என்று சொல்லிவிட்டான். அவர் சிரித்திருக்கிறார். இருபது வருஷமாகக் காய்ச்சலுக்குக்கூட நிற்காத ஆள், போன் பேச நிற்கிறாயா என்று. இவன் ஆமாம் என்றானாம். லாஞ்சு வேறு டிரைவரோடு போய்விட்டது.

அந்த ஞாயிறு நீ பார்த்திருக்க வேண்டும். காலைப் பூசை முடிந்து வந்தவன் சட்டையைக் கழற்றவே இல்லை. தலை வாரி, பவுடர் போட்டு, போனைச் சார்ஜில் செருகி அதன் முன்னால் உட்கார்ந்தான். மத்தியானத்துக்கு மேல்தான் வரும் என்று சொன்னேன். தெரியும் என்றான், எழுந்திருக்கவில்லை. ஏதோ கம்பெனிக்காரன் கூப்பிட்டு ரீசார்ஜ் என்றான், அவனை இவன் பேசின பேச்சு இங்கே சொல்ல முடியாது. சோறு போட்டு வைத்தது ஆறிப்போனது. பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. ஜன்னலுக்குப் போவான், போனைத் திருப்பிப் பார்ப்பான், சிக்னல் இருக்கிறதா என்று என்னிடம் கேட்பான். எனக்கு என்ன தெரியும் சிக்னல்.

கடைசியில் சொன்னான், “யம்மா, நீங்க ரெண்டு பேரும் இத்தினி வருஷம் இப்டியா உக்காந்துகினு இருந்தீங்க?”

“புயலு நாள்ல இத்தவிட மோசம்டா” என்றேன்.

அவன் மருமகளைப் பார்த்தான். அவள் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் வைத்தாள். வழக்கமாகத் தரையில் வைத்துவிட்டுப் போவாள். அன்றைக்குக் கூடவே உட்கார்ந்தாள்.

மூன்று மணிக்குப் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டோம்.

“நைனா? நீயா கீற? கடலுக்குப் போலியா? ஒடம்பு சரியில்லியா?”

“நல்லாத்தான் கீறேன்” என்றான்.  போனையே பார்த்தான், என்னைப் பார்த்தான். வேர்த்துவிட்டது. கடைசியில், “அங்க காத்து எப்டி?” என்றான்.

மருமகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். இருக்கிற பத்து நிமிஷத்தில் மகளிடம் கேட்கிற கேள்வியா அது. ஆனால் எனக்குச் சிலிர்த்துவிட்டது. அது ஒரு டிரைவர் இன்னொரு டிரைவரிடம் வயர்லெஸ்ஸில் முதலில் கேட்கிற கேள்வி. மகளிடம் எந்த அப்பனும் கேட்க மாட்டான்.

“காலைல ஒண்ணும் இல்ல நைனா. மத்தியானம் தெக்குலேர்ந்து அடிக்குது. ஏரிதான, அலை இல்ல.”

“நீச்சலு?”

“எங்க பேட்ச்ல நான்தான் ஃபர்ஸ்ட்டு.”  அப்புறம் வேகமாகப் பேசினாள். “நைனா, ஒண்ணு சொல்லணும், டைம் கம்மி. விஜயவாடா வரைக்கும் உன் மேல கோவமா அழுதுகினே போனேன். எல்லாப் பொண்ணுக்கும் அப்பா வந்துச்சு, என்க்கு மட்டும் வரலன்னு. அப்பறம்தான் தோணிச்சு. உன்ன நாங்க ஒரு நாளாவது அனுப்ப வந்திருக்கோமா? நீயும் என்ன கடலுக்குப் போற ஆளா சேத்துகின. அதான் திரும்பிப் பாக்கல. கரெக்டா?”

என் பையன் அழுது நான் பார்த்தது அவன் அப்பா செத்தபோதுதான். அன்றைக்கு அழவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவனுக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

“கரெக்டு.”

சொல்லிவிட்டுப் போனை மருமகள் கையில் கொடுத்துவிட்டான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அப்ப நான் ஸ்டேஷன்ல நின்னு அழுதது தப்பாடி?” என்றாள்.

“அது ரயிலுக்கு அழுததும்மா” என்றது அந்தக் குட்டி. மருமகளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நான் குறுக்கே புகுந்து, சாப்பாடு எப்படி என்று கேட்பதற்குள் பத்து நிமிஷம் முடிந்துவிட்டது. அதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

யோசித்துப் பார், எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடலுக்குப் போனவர்கள் எல்லோரும் ஆம்பிளைகள். பெண்கள் நாங்கள் அவர்கள் முதுகைப் பார்க்காமல் இருந்ததோடு சரி. ஒரு பெண்ணுக்காக ஒரு ஆம்பிளை முதுகைப் பார்க்காமல் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. மூன்றாம் மாடிக்காரிக்கு இதெல்லாம் எங்கே புரியும். அவள் பையன் ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கிறான், இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் இவன் கரையில்தான். லாஞ்சுக்காரரே தங்கலை ஐந்து நாளாகக் குறைத்து, கிழமை பார்த்து அனுப்புகிறார். அடுத்த மாதம் அந்த அணிவகுப்புக்குப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் போகிறார்கள். எனக்கும் டிக்கெட் போட்டிருக்கிறது. இவன் அதற்கென்று கறுப்பு ஷூ வாங்கியிருக்கிறான். பிறந்ததிலிருந்து வெறுங்காலில் லாஞ்சில் நின்றவன், ஷூ போட்டால் புதிதாக நடக்கக் கற்றுக்கொள்கிற குழந்தை மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறான். மகள் முன்னால் தடுமாறக் கூடாதாம். கரையில் இருக்கிற நாளெல்லாம் சாயங்காலம் இந்த வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறான், மருமகள் நின்று கால் சரியாக வருகிறதா என்று பார்க்கிறாள். நேற்று உன் வீட்டுக் கூரையில் டக்கு டக்கென்று சத்தம் வந்ததே, அது அவன்தான். கோபப்படாதே, இன்னும் மூன்று வாரம்தான். ரயிலேற்ற வியாசர்பாடியிலிருந்து எத்தனை பேர் வரப்போகிறார்களோ தெரியாது. வரட்டும் என்று இவனே சொல்லிவிட்டான், நாங்கள் ரயிலில்தானே போகிறோம் என்று. வியாசர்பாடிச் சித்தி மட்டும் கேட்டாள், அங்கே போய் அவளைப் பார்த்ததும் என்ன பேசுவீர்கள் என்று. அதற்கு இவன், “மொதல்ல காத்து எப்டின்னு…”

இரு, கீழே ஹாரன் அடிக்கிறானே, அது தண்ணி லாரியா? லாரிதான். நேற்றே வர வேண்டியவன். எழுந்திரு, எழுந்திரு, கீரை அப்படியே இருக்கட்டும், அந்தப் பச்சைக் குடம் இரண்டையும் நீ எடு, நான் டிரம்மை உருட்டிக்கொண்டு வருகிறேன்.